கடலில் இறங்காத ஞாயிற்றுக்கிழமை

முருகலட்சுமியின் விண்ணப்பத்தை முதன்முதலில் திருப்பி அனுப்பியவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிப் பெருமையாக எழுதினால் எனக்கே வாய் கூசும். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஈஸ்வரி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு ராமநாதபுரத்தில் ஒரு விரிவாக்க மையம் இருக்கிறது. அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். தலைமை வளாகம் வேறு மாவட்டத்தில். முழுநேர எம்.பி.ஏ., முனைவர் பட்டம், ஏசி போட்ட அரங்கு எல்லாம் அங்கே. எங்கள் தலையில் கட்டியது மூன்று படிப்பு: வேலையில் இருப்பவர்களுக்கான வார இறுதி எம்.பி.ஏ., சில்லறை வணிகத்தில் ஓராண்டு டிப்ளமோ, ஏற்றுமதி பற்றி ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. மூன்றும் ஒரே மாடியில், இரண்டே வகுப்பறையில் நடக்கும். விளக்கப் புத்தகத்தின் அட்டையில் மட்டும் கோட்டுப் போட்ட நாலு பேர் கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் நின்று சிரிப்பார்கள். அந்த நாலு பேர் யார் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வார இறுதி எம்.பி.ஏ.வுக்கு வருகிறவர்கள் வங்கிக்காரர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பவர்கள். சேர வேண்டுமென்றால் ஒரு பட்டம் வேண்டும். மூன்றாண்டு பணி அனுபவம் வேண்டும். அதற்கு முதலாளி கையெழுத்திட்ட சான்றிதழும் வேண்டும்.

முருகலட்சுமி அனுப்பிய விண்ணப்பத்தில் பட்டம் இருந்தது. அஞ்சல் வழியில் ஆறு ஆண்டு இழுத்து முடித்த பி.காம். பணி என்ற இடத்தில் 'கடல்பாசி எடுத்தல்' என்று எழுதியிருந்தாள். அனுபவம் இருபத்திரண்டு ஆண்டு. முதலாளி பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. சான்றிதழ் இணைக்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. விதியைக் காட்டி ஒரு தாளைத் திருப்புவதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் ஆளே நேரில் வந்து நின்றாள். முப்பத்தொன்பது வயது. வெயிலும் உப்பும் சேர்ந்து தீட்டிய நிறம். பத்து விரலிலும் நுனித்தோல் வெளுத்து, கீறல் கீறலாக இருந்தது. என் மேஜையில் ஒரு தாளை வைத்தாள். முருகலட்சுமி இருபத்திரண்டு ஆண்டாகப் பாசி எடுக்கிறார் என்று ஒரு வரி, கீழே வரிசை வரிசையாகக் கையெழுத்து. பாதிக்கு மேல் கைநாட்டு.

"என்னம்மா இது?"

"முதலாளி கையெழுத்துக் கேட்டீங்களே மேடம். எங்களுக்குன்னு கம்பெனி இருக்கு, பதிஞ்சது. அதுக்கு முதலாளி நாப்பத்தேழு பேரு. நாப்பத்தேழு பேருட்டயும் வாங்கியாந்திருக்கேன்."

"இதெல்லாம் செல்லாதும்மா."

"செல்லாதுன்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க, போயிர்றேன்."

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. எரிச்சலோடு தாளைத் தூக்கிக்கொண்டு மைய இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் கைநாட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே சேர்க்கை ஆணையில் கையெழுத்தும் போட்டார்.

இவளுக்கு எதற்கு எம்.பி.ஏ.? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. போகப் போகத்தான் தெரிந்தது.

புதுமடத்துக்குக் கிழக்கே கடலோரமாக ஒரு குடியிருப்பில் பிறந்தவள். கணவர் நாட்டுப்படகில் போகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். பதினேழு வயதில் தன் அம்மாவோடு பாசி எடுக்க இறங்கினாள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அதைப் பார் என்கிறார்கள். அந்தப் பாரில்தான் பாசி முளைக்கும். முகத்தில் கண்ணாடி, விரலில் துணிச் சுற்று, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, இடுப்பில் ஒரு வலைப் பை. மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடியும் முங்க வேண்டும். காய்ந்த பாசியை ஆலைக்கு அனுப்புவார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் அது நம் வயிற்றுக்குள் போகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

ஒரு காலத்தில் தினமும் இறங்கியிருக்கிறார்கள். நீ பத்துக் கிலோ எடுத்தால் நான் பதினைந்து என்று போட்டி. சில வருடத்தில் பார் மொட்டையாகிவிட்டது. பக்கத்துக் குடியிருப்புப் பாருக்குப் போய் அடிதடி. கடைசியில் மூன்று குடியிருப்புப் பெண்களும் கூடி ஒரு கட்டுப் போட்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதம் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது. அந்த நாட்களில்தான் நீர் நன்றாக வற்றி, பார் கைக்கு எட்டும். மற்ற நாளெல்லாம் கடலுக்கு லீவு. கரண்டி, கத்தி வைத்துச் சுரண்டக் கூடாது, கையால் மட்டும்தான் பறிக்க வேண்டும். ஆண்கள் யாரும் இதில் யோசனை சொல்லவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு அந்தப் பெண்களைப் பங்குதாரர்களாக வைத்து உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று பதிவானது. பணம் தருகிற அமைப்பு ஒரு நிபந்தனை வைத்தது: நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர் மேலாண்மைப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். நாலு வருடத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் பிரபு, கோயம்புத்தூர்க்காரர். நல்ல பையன்தான். நீச்சல் தெரியாது. வந்த மாதமே திரை போட்டு ஒரு கணக்குக் காட்டினார்: பன்னிரண்டு நாளை இருபத்துநாலு நாளாக ஆக்கினால் உற்பத்தி இரண்டு மடங்கு.

"அப்படியே பார் ரெண்டு மடங்கு மொட்டையாகும்" என்றாளாம் முருகலட்சுமி.

"அதுக்கு டேட்டா இருக்கா?" என்று கேட்டாராம் பிரபு.

அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவன் சொல்வதுதான் எடுபடும், அந்த நாற்காலிக்குப் பட்டம்தான் சாவி என்று புரிந்துவிட்டது. பிரபுவின் ஒப்பந்தம் இரண்டு வருடத்தில் முடியும். எங்கள் எம்.பி.ஏ.வும் இரண்டு வருடம். அதற்குள் முடித்துவிட வேண்டும், முடிக்காவிட்டால் நாலாவது ஆள் வந்துவிடுவான். சேர்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். அறிவுப் பசி, சாதிக்கும் வெறி என்றெல்லாம் அவளைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

வகுப்பில் கடைசி பெஞ்சு. பாடம் பாதி ஆங்கிலத்தில் ஓடும். தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று பல்கலைக்கழக விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை யாரும் தொட்டதில்லை. அவள் அந்த வரியைத் தேடிப் பிடித்து என் முன்னால் விரித்து வைத்தாள். "விதின்னா எல்லாத்துக்கும் விதிதானே மேடம்?" என்றாள். சிவப்பு மையில் எழுதியதை அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது.

உற்பத்தி மேலாண்மை எடுத்தவர் பேராசிரியர் நாகேந்திரன். கெட்டிக்காரர், தான் கெட்டிக்காரர் என்பது அவருக்கும் தெரியும். ஒருநாள் நான் வருகைப் பதிவேடு வாங்கப் போனபோது, "சும்மா கிடக்கிற மெஷின் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்" என்று பலகையில் எழுதிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து முருகலட்சுமி எழுந்தாள்.

"சார், எங்க பாரு மாசத்துல பதினெட்டு நாளு சும்மா கெடக்கு. ஆனா அது சும்மா கெடக்கல. வளருது."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவளுடைய ஆய்வு அறிக்கைக்கு வழிகாட்டியாக அவரையே போட்டார்கள், அல்லது அவரே கேட்டு வாங்கினார். எது என்று எனக்குத் தெரியாது.

அறிக்கையின் தலைப்பு 'மாதம் பன்னிரண்டு நாள்'. தமிழில் அறுபத்துமூன்று பக்கம். எந்தெந்தப் பாரில் எந்தப் பாசி, பறித்த இடம் எத்தனை நாளில் தழைக்கிறது, கட்டை மீறினால் என்ன நடக்கும், எல்லாம் இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ராக்கு அக்கா வருகிறாள். மூன்று குடியிருப்பிலும் அவளை மாதிரி மூச்சுப் பிடிக்க ஆள் கிடையாது. மகளுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிய நேரத்தில், கை வறண்டு, லீவு நாளில் ஒருத்தியாக இறங்கி ஒரு மூட்டைப் பாசி எடுத்துவிட்டாள். கரையேறும்போது பெண்கள் பார்த்துவிட்டார்கள். மூட்டையைக் கடலிலேயே கொட்டச் சொன்னார்கள். அவள் கொட்ட மாட்டேன் என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுப்பிவிட்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியவள் முருகலட்சுமி. இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. அறிக்கையில் வேறு பெயர் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டபோது, "எம்பேரையே போடு. நானே கட்டுப்பட்டேன்னு படிக்கிறவனுக்குத் தெரியட்டும்" என்றாளாம் ராக்கு அக்கா.

நாகேந்திரன் சாருக்கு அறிக்கை பிடித்திருந்தது, கடைசி அத்தியாயம் தவிர. பரிந்துரையில் நாட்களைப் படிப்படியாக இருபதாக உயர்த்தலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். மூன்று முறை திருத்தி அனுப்பினார். மூன்று முறையும் அந்த ஒரு வரி இல்லாமலே திரும்பி வந்தது.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். அவளிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டு அனுப்பிய பிறகு நாகேந்திரன் சாரிடம் சொன்னார்: "எல்லாம் சரி. அந்த ஒரு அம்மாவுக்குப் பிறகு இந்தக் கட்டை யாரும் மீறியதில்லை என்கிறார். அதற்கு இவர் வாய்ச்சொல்தான் ஆதாரம். ஊருக்கு ஊர் நாங்கள் கட்டுப்பாடானவர்கள் என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்க்காமல் மதிப்பெண் போட எனக்கு மனசு வரவில்லை." மறுநாள் அவர் ராமேஸ்வரம் கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் போக இருந்தார். போகிற வழியில் கரையில் இறங்கிப் பாசி எடுப்பதைப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. நாகேந்திரன் சாருக்கு ரொம்ப சந்தோஷம். தர மதிப்பீட்டுக் குழு வர இருந்தது; எங்கள் மாணவி கடலில் முங்கி எழுவது மாதிரி ஒரு படம் கிடைத்தால் அந்தக் கோட்டுக்காரர்களை அட்டையிலிருந்து இறக்கிவிடலாம்.

அன்று மாலை அவளுக்கு நான் போன் செய்தேன்.

"மேடம், நாளைக்கு கடலுக்கு லீவு. அமாவாச கழிச்சு ஒம்பதாம் நாளு. சார்மாரு வரட்டும், ஒக்காந்து பேசலாம், காயப்போட்ட பாசியக் காட்டுறேன். ஆனா யாரும் இறங்க மாட்டோம். சார்ட்ட இப்பவே சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், வயலில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் வேளாண்மை அதிகாரியின் ஜீப் வந்து நின்றால் போதும், அவர் கேட்டதைச் செய்து காட்டிவிடுவோம். கயிறு பிடித்து வரிசையாக நாற்று நடச் சொன்னால், அவர் போட்டோ எடுக்கும் வரைக்கும் கயிறு பிடித்து நடுவோம். ஜீப் கிளம்பியதும் கயிற்றைச் சுருட்டிவிட்டுப் பழையபடி நடுவோம். அதில் எங்களுக்கு வெட்கம் கிடையாது, அவருக்கும் வருத்தம் கிடையாது. கடற்கரையிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். போனில் ஆயிரம் பேசுவாள், கார் வந்து நின்றால் இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உச்சிப்புளி தாண்டித் தெற்கே திரும்பிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாகேந்திரன் சார், தேர்வாளர், ஒரு போட்டோகிராபர், நான். கடல் அசையாமல் கிடந்தது. நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள், எல்லாரும் வீட்டுச் சேலையில். கண்ணாடி இல்லை, விரலில் துணிச் சுற்று இல்லை.

"என்னம்மா, இன்னும் ரெடியாகலையா?" என்றார் சார்.

"இன்னைக்கு லீவு நாளு சார். மேடம்ட்ட நேத்தே சொன்னேனே."

சார் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"சரி, அதனால என்ன? அரை மணி நேரம்தான். ஒரு பத்து பேரு இறங்கி, நாலு கைப்பிடி பறிச்சுக் காட்டுங்க. விக்க வேண்டாம். வேணும்னா திரும்ப கடல்லயே போட்டுருங்க."

"பறிச்சதத் திரும்பப் போட்டா ஒட்டாது சார்."

போட்டோகிராபர் சிரித்துவிட்டான். சாரின் முகம் சிவந்தது. தேர்வாளர் இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல, காயப்போட்டிருந்த பாசியில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகலட்சுமி, புரிஞ்சுதான் பேசுறீங்களா? இது உங்களுக்கு தேர்வு. இன்னைக்கு இவர் பார்த்தாத்தான் மார்க்கு. பார்க்கலைன்னா ஆறு மாசம் தள்ளிப்போயிரும். அந்த வேலைக்கு அடுத்த மாசம் ஆள் எடுக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இதைக் கேட்டதும் பெண்களுக்குள் சலசலப்பு. பட்டம் போய்விடும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ராக்கு அக்கா முன்னால் வந்தாள்.

"ஏத்தா, இத ஏன் எங்ககிட்டச் சொல்லல? பிடிவாதம் பண்ணாத. நாங்க பத்துப் பேரு இறங்குறோம். நாம போட்ட கட்டுதான? நாமளே ஒரு அரை மணி நேரம் அவுத்துக்கிருவோம்."

சொல்லிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகினாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் செருகினார்கள். ஒருத்தி கண்ணாடி எடுத்துவர வீட்டைப் பார்த்து ஓடினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சார் போட்டோகிராபருக்குச் சைகை காட்டினார்.

முருகலட்சுமி போய்க் கடலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

"யாரும் கால நனைக்கக் கூடாது."

"ஏத்தா, உனக்காகத்தான…"

"எனக்காகத்தான் வேணாங்கறேன். அக்கா, அன்னைக்கு உன் மூட்டைய அவுத்துக் கொட்டுனது யாரு?"

ராக்கு அக்காவின் கை செருகிய சேலையிலேயே நின்றது.

"நான்தான கொட்டுனேன்? உன் மகளுக்கு நிச்சயம், வீட்ல பொட்டு அரிசி இல்ல. அழுத. அழுக அழுகக் கொட்டுனேன். அதுக்கே விடல. இன்னைக்கு எம் பட்டத்துக்கு நீ இறங்கிட்டா, நாளைக்கு உம் மொகத்துல நான் எப்படிக்கா முழிப்பேன்?"

ராக்கு அக்கா செருகியிருந்த சேலையை அவிழ்த்துவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டார்கள்.

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் சார்.

"போடாதீங்க சார்."

"இதுதான் உங்க முடிவா?"

"டீ போட்டாச்சு. குடிச்சிட்டுப் போங்க."

சார் குடிக்கவில்லை. தேர்வாளர் மட்டும் நின்று நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினார். ராமேஸ்வரம் போகும்வரை எனக்கு அவள்மீது அடங்காத கோபம். படிக்க வந்த இடத்தில் இவ்வளவு திமிரா, ஒரு கைப்பிடிப் பாசியில் கடல் வற்றிவிடுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். என் தப்பை மறைக்கத்தான் அவ்வளவு திட்டினேன் என்று இப்போது தெரிகிறது.

திங்கட்கிழமை நானே தட்டச்சு செய்தேன்: 'களச் சரிபார்ப்பு நடைபெறவில்லை. அறிக்கையை ஆறு மாதத்தில் மறுசமர்ப்பிப்பு செய்ய வேண்டும்.' அவளுடைய வகுப்பில் மற்ற இருபத்தாறு பேரும் தேறினார்கள்.

மே மாதம் பிரபு வேறு வேலை கிடைத்துப் பெங்களூர் போனார். நிதி அமைப்பு மூன்று பேரின் பெயரை அனுப்பி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நாற்பத்தேழு பேரும் கூடி ஒரே வரியில் பதில் எழுதினார்கள்: எங்கள் ஆள் அக்டோபரில் பாஸாவார், அதுவரை நாற்காலி காலியாக இருக்கும். உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்று கடிதம் வந்தது. நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பதில் போனது. நிறுத்தியும் விட்டார்கள். அந்த ஆறு மாதமும் பெண்கள் தாங்களே மூட்டை கட்டி, தாங்களே லாரிக்குப் பேசி, ஆலைக்காரனோடு தாங்களே மல்லுக்கு நின்றார்கள். அந்தச் சிரமத்திலும் பன்னிரண்டு நாள் பதின்மூன்று ஆகவில்லை.

செப்டம்பர் கடைசியில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். பழைய அறிக்கையையே புதிதாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"என்ன மாத்தியிருக்க?"

"ஒரு எழுத்துக்கூட மாத்தல. ஒரு பக்கம் சேத்திருக்கேன்."

அறுபத்துநாலாம் பக்கம். தலைப்பு 'கேட்கப்பட்ட ஆதாரம்'. நான் நின்றுகொண்டே படித்தேன். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை கழிந்து ஒன்பதாம் நாள், காலை பத்து மணி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் அரை மணி நேரம் மட்டும் கடலில் இறங்கிக் காட்டும்படி கேட்டார்கள். ஆய்வாளரின் பட்டமும் வேலையும் அதைப் பொறுத்திருந்தன. கரையில் நாற்பத்துமூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அவ்வளவுதான் பக்கம். கீழே 'நேரில் கண்டவர்' என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"உங்க கையெழுத்து வேணும்."

"நானா? நான் ஆபீஸ் ஸ்டாஃப். சாரும் வந்திருந்தார், அவர்கிட்டப் போய் கேளு."

"அவரு போட மாட்டாரு. நீங்க பாத்தீங்கள்ல?"

"உனக்கு என்மேல கோபமே இல்லையா?" என்று கேட்டேன். அடக்கி அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "நான் அன்னைக்கே சார்ட்ட சொல்லியிருந்தா…"

"சொல்லியிருந்தா அவரு வந்திருக்க மாட்டாரு. இந்த அறுபத்துநாலாம் பக்கமும் வந்திருக்காது. போடுங்கக்கா."

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இருபத்துமூன்று வருட சர்வீஸில் விதிப்படி, ஆணைப்படி, மேலதிகாரி சொன்னபடி என்று எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்ததற்கு என்று போட்டது அந்த ஒன்றுதான். நாகேந்திரன் சார் என்ன சொல்வாரோ என்ற பயம் இருந்தது. சொல்லட்டும் என்று பெயரை முழுதாக, தெளிவாக எழுதினேன்.

அக்டோபரில் மறுபடியும் வாய்மொழித் தேர்வு. அதே அறை, அதே தேர்வாளர். மதிப்பெண் தாளோடு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் அறிக்கையை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அறுபத்துநாலாம் பக்கத்தை மெதுவாக வாய்விட்டு வாசித்தார். என் பெயரையும் சேர்த்து வாசித்தார். நாகேந்திரன் சார் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"இவங்க அன்னைக்கு ஒத்துழைக்கலைங்கிறதை இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார் சார்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முருகலட்சுமியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நீங்க இறங்கியிருந்தா, அப்பவே உங்களுக்கு மார்க் போட்டிருப்பேன். தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன்?"

அவள் எழுந்து நின்றாள்.

"இறங்கியிருந்தா நான் பாஸு சார். எழுதுனது அத்தனையும் பெயிலு."